ஆளில்லாத காரும் ஜீப்ரா கோடும்: வாசகர் கேள்வி–பதில்

ஓட்டுநரில்லாத டாக்ஸிகளைப் பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருப்பவர்களும், அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்த பெற்றோரும் எழுதியவை. அதனால் கலிஃபோர்னியா சட்டத்தை வைத்தே பதில் சொல்கிறோம். மற்ற ஊர்கள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும்.

ஜீப்ரா கோட்டின் ஓரத்தில் நின்றேன். உள்ளே ஆளே இல்லாத டாக்ஸி ஒன்று வேகத்தைக்கூடக் குறைக்காமல் தாண்டிப் போய்விட்டது. சட்டப்படி அது நின்றிருக்க வேண்டாமா?
— வாசகி, ஃப்ரீமான்ட்

நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது. பிளாட்பாரத்தின் மேலா, ஓரக்கல்லை விட்டு இறங்கிச் சாலையிலா? கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 21950-ஆம் பிரிவு, கோட்டுக்குள் சாலையைக் கடந்துகொண்டிருக்கும் பாதசாரிக்கு வழிவிடச் சொல்கிறது. ஓரத்தில் காத்து நிற்பவரைப் பற்றி அதில் வெளிப்படையாக எதுவும் இல்லை. பாதசாரிக்கும் அதே பிரிவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: நிறுத்த முடியாத தூரத்தில் வரும் வண்டிக்கு முன்னால் திடீரென்று இறங்கக் கூடாது. ஆக, இறங்காமல் கார் நிற்காது, கார் நிற்காமல் இறங்கக் கூடாது என்ற இக்கட்டில் நீங்கள் நிற்கிறீர்கள். பிரிட்டன் இதை 2022 ஜனவரியில் ஓரளவு சரிசெய்தது. திருத்திய சாலை விதித் தொகுப்பின்படி, ஜீப்ரா கோட்டருகே காத்திருப்பவருக்கும் வண்டிகள் வழிவிட வேண்டும். ஜெர்மனியில் நீங்கள் கடக்க விரும்புவது தெரிந்தாலே வண்டி வழிவிட்டாக வேண்டும்.

ஓட்டுபவர் மனிதரானால் இந்த இக்கட்டு கண் ஜாடையில் தீர்ந்துவிடும். நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள், அவர் தலையசைப்பார், கடந்துவிடுவீர்கள். ஆளில்லாத கார் அந்த இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் நிரப்புகிறது. உங்களை அது பார்க்காமல் இல்லை. பெரும்பாலும் நூறு மீட்டருக்கு முன்பே பார்த்துவிடுகிறது. உங்களைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, 'பாதசாரி' என்று முத்திரை குத்தி, அடுத்த சில விநாடிகளில் நீங்கள் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று பல பாதைகளைப் போட்டுப் பார்க்கிறது. உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கால் நகர்கிறதா, ஓரக்கல்லிலிருந்து எவ்வளவு தூரம் என்பவை அதற்கான தடயங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், போன் பார்த்தபடி நிற்பவர், நாயோடு நிற்பவர் என்று தெருமுனையில் பத்துப் பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் நின்றால் கார் நகராது. பின்னால் வருபவனும் இடிப்பான். 'இவர் இறங்க மாட்டார்' என்று கணக்கு வந்தால் கார் போய்விடும்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2024 டிசம்பரில் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் தொழில்நுட்பக் கட்டுரையாளர், தன் வீட்டருகே உள்ள, சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் வேமோ நிறுவனத்தின் ஆளில்லாக் கார்களைச் சோதித்து எழுதினார். பத்தில் ஏழு முறை கார் அவருக்காக நிற்கவில்லை. பக்கத்துத் தடத்துக் கார்கள் நிற்கின்றனவா என்பதையும் தங்கள் கார் கணக்கில் எடுக்கும் என்று நிறுவனத் தரப்பில் சொல்லப்பட்டது. மற்றவன் நிற்காததால் நானும் நிற்கவில்லை என்பதை எந்தப் போலீஸ்காரரும் ஏற்க மாட்டார். மனிதர்களின் கெட்ட பழக்கத்தைப் பார்த்துப் பழகிய இயந்திரம் அதையே நாகரிகமாகச் செய்கிறது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். கோட்டோரம், சாலையைப் பார்த்து, போனில்லாமல் ஒருவர் நின்றால் கார் நிற்கட்டும். சில நேரம் வீணாக நின்றால் குடி முழுகிவிடாது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: கோட்டுக்கு நேராக நில்லுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். உடம்பு முழுவதும் சாலைப் பக்கம் திரும்பியிருக்கட்டும். போனைப் பையில் போடுங்கள். கார் நல்ல தூரத்தில் இருக்கும்போதே, நிறுத்தி வைத்த வண்டிகளின் வரிசையைத் தாண்டாமல், ஓரடி கீழே இறங்கி நில்லுங்கள். கார் வேகம் குறைந்த பிறகு நடங்கள்.

வேகம் குறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மின்சாரக் காரில் எஞ்சின் சத்தமும் இல்லையே.
— வாசகர், சன்னிவேல்

முன் சக்கரத்தைப் பாருங்கள். காரின் மூக்கைப் பார்த்தால் நேராக வருவதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. சக்கரத்தின் கம்பிகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கினால் வண்டி ஊர்கிறது என்று பொருள். வேமோ காரின் கூரைமேல் உள்ள குமிழில் சிறு திரை இருக்கிறது. வழிவிடும்போது நடக்கும் ஆள் உருவத்தை அது காட்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நண்பகல் வெயிலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியாது. அந்த உருவம் உங்களுக்கா, எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கா என்பதும் புரியாது. சக்கரம் பொய் சொல்லாது.

கோடே போடாத தெருமுனையில் கடந்தால் நம் மீதா தப்பு?
— வாசகர், சான் ஹோசே

இல்லை. இரண்டு தெருக்கள் ஏறக்குறையச் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில், பிளாட்பாரத்தை மறுபக்கம் வரை நீட்டினால் விழும் பட்டையும் சட்டப்படி கடக்குமிடம்தான். 275-ஆம் பிரிவு அப்படி வரையறுக்கிறது. 21950-ஆம் பிரிவு கோடு போட்டதையும் போடாததையும் ஒரே மாதிரி நடத்துகிறது. சந்திப்புகளுக்கு நடுவில் குறுக்கே போனால் முன்னுரிமை வண்டிக்கு. ஆனால் 2023 ஜனவரி 1 முதல், மோதும் ஆபத்து உடனடியாக இருந்தாலொழிய அதற்காகப் போலீஸ் அபராதம் போடுவதில்லை.

மனித ஓட்டுநர்களில் பலருக்குக் கோடில்லாத கடக்குமிடம் தெரியவே தெரியாது. தானோட்டிக் காருக்கு அதன் வரைபடத்தில் குறித்திருந்தால் மறக்காது. குறிக்காமல் விட்டிருந்தால் என்றைக்கும் நினைவுக்கு வராது.

ராத்திரியில், கறுப்புப் புடவையில் போனால் காருக்குத் தெரியுமா?
— வாசகி, கோயம்புத்தூர் (மகள் வீடு: மவுன்டன் வியூ)

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. ரோபோ டாக்ஸியும், 'பாதசாரியைக் கண்டால் தானே பிரேக் போடும்' என்று விற்கும் சாதாரணக் காரும் ஒன்றல்ல.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓடிய ஜாகுவார் ஐ-பேஸ் ரகத்து வேமோவில் 29 கேமராக்கள், 5 லைடார்கள், 6 ரேடார்கள். லைடார் தானே லேசர் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. எனவே இருட்டும் பகலும் அதற்கு ஒன்றுதான். கறுப்புத் துணி குறைவாகத்தான் ஒளியைத் திருப்பும், அதனால் பார்க்கும் தூரம் சுருங்கும். ஆனால் நகரத் தெரு வேகத்துக்கு மிச்சமிருப்பது போதும். சாதாரணக் காரில் இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன்பக்கம் ஒரு ரேடார், சிலவற்றில் கேமரா மட்டும். 2019-ல் அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ இத்தகைய பிரேக்குகளைச் சோதித்தபோது, இரவில் அவை பயனற்றவை என்றே முடிவு சொன்னது.

ஒரு விநோதமும் உண்டு. ஒளிரும் பட்டை வைத்த உடையை இரவுக்குப் பரிந்துரைக்கிறோம் அல்லவா? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2025-ல் வெளியிட்ட சோதனையில், மூன்று கார்களில் இரண்டு அந்தப் பட்டை கட்டிய பொம்மையை இருட்டில் பெரும்பாலும் இடித்தன. மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது, கேமராவுக்கு ஆள் வடிவத்தைக் குலைத்துவிடுகிறது. அதற்காகப் பட்டையைக் கழற்ற வேண்டாம். தெருவில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இன்னும் மனிதர் ஓட்டும் கார்கள்தான். புடவை எந்த நிறமானாலும் சரி, தெருவிளக்கின் வெளிச்சம் விழும் முனையில் கடப்பது இரண்டு வகைக்கும் நல்லது.

2018-ல் அரிசோனாவில் நடந்த மரணம் எதனால்? கேமரா கோளாறா?
— வாசகர், திருச்சி

கேமராவும் சரியாக இருந்தது, ரேடாரும் லைடாரும் சரியாக இருந்தன. 2018 மார்ச் 18 இரவு பத்து மணியளவில், டெம்பே நகரின் மில் அவென்யூவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்தார். கோடு போட்ட இடம் அங்கிருந்து ஏறக்குறைய 360 அடி தள்ளி. ஊபரின் சோதனைக் கார், வால்வோ எக்ஸ்சி90, மோதலுக்கு 5.6 விநாடி முன்பே அவரைக் கண்டுவிட்டது. அது நிற்பதற்குத் தாராளமான அவகாசம்.

பிறகு நடந்ததைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2019 அறிக்கை விநாடி விநாடியாகச் சொல்கிறது. மென்பொருள் அவரை 'வாகனம்', 'வேறு ஏதோ', 'சைக்கிள்' என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறும் ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்த தடத்தைத் தூக்கி எறிந்தது. தடம் இல்லாவிட்டால் எங்கே போகிறார் என்று எப்படிக் கணிப்பது? கடக்குமிடம் அல்லாத இடத்தில் ஆள் நடந்து கடப்பார் என்பதற்கே அந்த மென்பொருளில் இடம் வைக்கவில்லை. 1.2 விநாடி மிச்சமிருந்தபோது ஆபத்தை உணர்ந்தது. வீண் பிரேக்கைத் தவிர்க்க வைத்திருந்த ஒரு விநாடித் தாமதம் அதையும் விழுங்கிவிட்டது. வால்வோவின் சொந்த அவசர பிரேக்கை, கணினி ஓட்டும் நேரத்தில் அணைத்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த கண்காணிப்பாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதும்போது வேகம் மணிக்கு 39 மைல், அதாவது 63 கி.மீ.

சட்டம் பாதசாரிக்குக் கடக்குமிடத்தில் மட்டும் முன்னுரிமை தருகிறது என்பதற்காக, கடக்குமிடத்தில் மட்டும் பாதசாரியை எதிர்பார்க்கும் காரைச் செய்ததுதான் அங்கே நேர்ந்த பெரிய தவறு. முன்னுரிமை யாருக்கு என்பது நீதிமன்றக் கேள்வி. ஆள் இருக்கக்கூடும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

காருக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் இருந்தால் இறங்கலாம்?
— வாசகர், மதுரை

ஒரே எண் கிடையாது, கணக்கு உண்டு. நிற்கும் தூரம் இரண்டு துண்டு: உணர்ந்து பிரேக் விழும் வரை ஓடும் தூரம், பிரேக் விழுந்த பின் சறுக்கி நிற்கும் தூரம். மனிதருக்கு முதல் துண்டுக்கு 1.5 விநாடி என்றும், கணினிக்கு அரை விநாடி என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், காய்ந்த சாலையில், மனிதர் ஓட்டும் கார் நிற்க சுமார் 25 மீட்டர் ஆகும். கணினிக்கு 14 மீட்டர். மழையில் பிடிமானம் குறைவதால் கணினிக்கே 21 மீட்டர் ஆகிவிடும், மனிதருக்கு 32.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் சுவாரஸ்யமாக இருக்கிறது. 10 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், 40 கி.மீ. வேகத்தில் கணினிகூட நிறுத்த முடியாது. ஏறத்தாழ 28 கி.மீ. வேகத்தில் இடிக்கும். மனிதர் பிரேக்கில் கால் வைப்பதற்குள் முழு வேகத்தோடு இடித்திருப்பார். அதே கணினிக் கார் 30 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால் 9 மீட்டர் சொச்சத்தில் நின்றிருக்கும். எவ்வளவு கெட்டிக்கார மூளை வைத்தாலும் பத்து கி.மீ. குறைத்து ஓட்டுவதற்கு ஈடாகாது. ஏஏஏ அறக்கட்டளையின் 2011 ஆய்வின்படி, மோதும் வேகம் 37 கி.மீ. என்றால் அடிபட்டவர்களில் பத்தில் ஒருவர் இறக்கக்கூடும், 68 கி.மீ. என்றால் இருவரில் ஒருவர்.

நடைமுறைக்கு: 40 கி.மீ. தெருவில், காய்ந்த நாளில் ஆறு கார் நீளத்துக்குள் வண்டி வந்துவிட்டால் இறங்காதீர்கள். மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள்.

நம்மூரில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே கடப்போம். ரோபோ டாக்ஸியிடம் செல்லுமா?
— வாசகர், சேலம்

போக்குவரத்துப் போலீஸின் கைகாட்டலைப் புரிந்துகொள்ளப் பழக்கியிருக்கிறார்கள். உங்கள் கையை நம்பி இறங்காதீர்கள். காட்டுவதால் கெடுதலும் இல்லை.

எப்படியும் நின்றுவிடும் என்று தெரிந்து சிலர் வேண்டுமென்றே குறுக்கே பாய்கிறார்களாமே?
— வாசகர், சியாட்டில்

பாய்கிறார்கள். அவர்களுக்கு மேலே உள்ள 10 மீட்டர் கணக்கைப் படித்துக் காட்டுங்கள்.

எழுபது வயதைத் தாண்டிய பெற்றோர் வந்திருக்கிறார்கள். சிக்னலில் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள்.
— வாசகி, டப்ளின், கலிஃபோர்னியா

வெள்ளை ஆள் அணைந்து ஆரஞ்சுக் கை மினுங்கும் நேரத்தை, விநாடிக்கு 3.5 அடி நடை என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 60 அடி அகலச் சாலைக்கு அது 17 விநாடி. மூட்டுவலியோடு விநாடிக்கு 2.8 அடி நடப்பவருக்கு 21 விநாடிக்கு மேல் வேண்டும். எண்கள் இறங்கத் தொடங்கிய பிறகும், முடிவதற்குள் மறுபக்கம் போய்விட முடியுமானால் இறங்கலாம் என்று 2018 முதல் கலிஃபோர்னியா சட்டம் அனுமதிக்கிறது. அது உங்களுக்கான சலுகை, பெற்றோருக்கு வேண்டாம். 'நட' விளக்கு புதிதாக எரியும்போது மட்டும் இறங்கச் சொல்லுங்கள். பாதியில் நேரம் முடிந்தால் நடுத்திட்டு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வைக்கட்டும்.

அவர்களுக்குப் பெரிய ஆபத்து நேரே வரும் கார் அல்ல, திரும்பும் கார். அமெரிக்காவில் சிவப்பு விளக்கிலும், நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பலாம். திரும்புபவர் இடது பக்கம் வரும் கார்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வலப்பக்கத்திலிருந்து கோட்டில் இறங்கும் உங்கள் அம்மா அவர் கண்ணில் பட மாட்டார். சுற்றிலும் ஒரே நேரத்தில் பார்க்கும் ரோபோ டாக்ஸி இந்த ஓரிடத்தில் மனிதரைவிடத் தெளிவாகவே மேல். இந்தியாவில் வண்டி வலப்பக்கமிருந்து வரும் என்று பழகிய கழுத்து அங்கே தவறான பக்கம் திரும்பும். முதலில் இடம், பிறகு வலம், பிறகு மீண்டும் இடம் என்று வாசலில் நாலு நாள் பழக்குங்கள்.

பார்வைக் குறைபாட்டுக்காக வெள்ளைக் கோலோ வழிகாட்டி நாயோ வைத்திருப்பவருக்குத் தனிப் பிரிவே உண்டு, 21963. அவர்களுக்கு வழிவிடாதது வெறும் அபராதக் குற்றத்தைவிடப் பெரிய குற்றம்.

நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னாலிருந்து வருபவரை எந்தச் சென்சாரும் பார்க்க முடியாதே?
— வாசகர், சென்னை

முழுதாகப் பார்க்க முடியாது. தாழ்வாகப் பொருத்திய லைடாருக்கு வண்டியின் அடியில் நகரும் பாதங்கள் சில நேரம் பிடிபடும். கூரை லைடார் குட்டையான காரின் மேலாகத் தலையைப் பார்க்கும். உயரமான எஸ்யூவிக்குப் பின்னால் ஒரு குழந்தை என்றால் இரண்டுமே கை கொடுக்காது. 2026 ஜனவரியில் சான்டா மோனிகாவில் ஒரு பள்ளிக்கூடத்தருகே நடந்தது அதுதான்: இரட்டை வரிசையாக நிறுத்தியிருந்த எஸ்யூவிக்குப் பின்னாலிருந்து குழந்தை ஓடிவர, வேமோ கார் மணிக்கு 17 மைலிலிருந்து 6-க்கும் கீழே குறைத்தும் இடித்தது. இது நிறுவனம் தந்த கணக்கு. காரின் அனிச்சை வேகத்தைப் பாராட்டலாம். பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிடும் நேரத்தில், இரட்டை வரிசை வண்டிகளுக்கு நடுவே 17 மைல் எதற்கு என்றும் கேட்கலாம். நாம் இரண்டாவதையே கேட்போம்.

இதற்கு மருந்து காரில் இல்லை, ஓரக்கல்லில் இருக்கிறது. கடக்குமிடத்துக்கு முன்னால், வண்டி வரும் பக்கம் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது என்ற கலிஃபோர்னியா விதிக்கு 2025 முதல் அபராதமும் விதிக்கிறார்கள். ஓரக்கல்லில் சிவப்பு வண்ணம் இல்லாவிட்டாலும் விதி செல்லும். பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு மறைவும் உண்டு. உங்களுக்காக முதல் தடத்துக் கார் நிற்கும். அது மறைப்பதால் இரண்டாம் தடத்துக் கார் உங்களைப் பார்க்காமல் வேகமாக வரும். நின்ற காரை இப்படித் தாண்டுவதை 21951-ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் காரின் விளிம்பு வரை வந்ததும் நின்று, எட்டிப் பார்த்துவிட்டே அடுத்த தடத்தில் கால் வையுங்கள்.

ஆளில்லாத கார் விதியை மீறினால் போலீஸ் யாருக்கு சீட்டு எழுதும்?
— வாசகர், ஓக்லண்ட்

நீண்ட நாள் யாருக்கும் எழுத முடியவில்லை. சீட்டு ஓட்டுநர் பெயரில் எழுதப்படுவது, ஓட்டுநர் இல்லை. 2024-ல் நிறைவேறிய சட்டம், 2026 ஜூலை முதல் நிறுவனத்தின் பேரில் விதிமீறல் அறிவிப்பு தரப் போலீஸுக்கு வழி செய்கிறது. அந்த அறிவிப்புடன் அபராதத் தொகை சேர்ந்து வராது என்பதால் பலருக்கு மனக்குறை. ஆனால் இந்தத் தொழிலில் பணத்தைவிட உரிமம் பெரிது. 2023 அக்டோபர் 2-ஆம் தேதி, வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண் க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் காருக்கு முன்னால் விழுந்தார். அந்தக் கார் நின்றது. பிறகு, பக்கவாட்டில் ஏதோ இடித்ததாகத் தப்பாகக் கணித்து, ஓரம் கட்டப் போய், அடியில் இருந்தவரை 20 அடி இழுத்துச் சென்றது. அம்மாதம் 24-ஆம் தேதி மாநில மோட்டார் வாகனத் துறை உரிமத்தை நிறுத்தி வைத்தது. 2024 டிசம்பரில் க்ரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸித் திட்டத்தையே கைவிட்டது.

நீங்கள் புகார் தருவதென்றால் நேரம், தெருமுனையின் பெயர், காரின் நம்பர் பிளேட், நீங்கள் ஓரக்கல்லின் மேலா கீழா நின்றீர்கள் என்பது, இந்த நான்கும் வேண்டும். நிறுவனத்துக்கும் மோட்டார் வாகனத் துறைக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். காரில் எல்லாப் பக்கமும் கேமரா இருப்பதால், நேரம் சரியாக இருந்தால் அந்தக் காட்சியைத் தேடி எடுக்க முடியும். இடித்தே விட்டால், சோதனை உரிமத்தில் ஓடும் கார் பற்றி நிறுவனம் 10 நாளுக்குள் அத்துறைக்கு அறிக்கை தர வேண்டும்.

நம்மூருக்கு இதெல்லாம் எப்போது? என் புதுக் காரில் ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு ஏற்பாடு) இருக்கிறது. ஜீப்ரா கோட்டில் ஆள் வந்தால் தானே நிற்கும் என்று ஷோரூமில் சொன்னார்களே?
— வாசகர், ஈரோடு

ஆளில்லாக் காரை இந்தியாவில் விடப்போவதில்லை, ஓட்டுநர்களின் வேலை போகும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் சொல்லிவிட்டார். ஏடாஸ் வேறு விஷயம். அது உங்களுக்கு உதவி, உங்களுக்குப் பதில் அல்ல. ஜீப்ரா கோடு என்பதே பெரும்பாலான ஏடாஸுக்குத் தெரியாது. முன்னால் மோதப்போகும் உருவம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். சிக்னல் இல்லாத கடக்குமிடத்தில் வேகம் குறைத்து, நின்று வழிவிடும் பொறுப்பை 2017-ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள் ஓட்டுநர் மீதுதான் வைத்திருக்கின்றன. எந்த வேகம் வரை பாதசாரிக்கு பிரேக் போடும், இரவில் போடுமா என்பது கையேட்டில் இருக்கும். ஷோரூம் பேச்சை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

நம்மூரில் ஏடாஸைக் கெடுப்பவை பெரும்பாலும் காரின் சொந்தக்காரர் கைவரிசைதான். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் விண்ட்ஷீல்டில் கேமரா இருக்கும் கட்டத்தில் சன் ஃபிலிம், ஃபாஸ்டேக், சாமி ஸ்டிக்கர் எதுவும் ஒட்டாதீர்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை அந்தக் கட்டத்திலிருந்து மறுநாளே ஈரத்துணியால் துடையுங்கள். ரேடார் முன் பம்பரிலோ சின்னத்துக்குப் பின்னாலோ இருக்கும்; அதன் முன்னால் இரும்பு பம்பர் கார்டு போட்டால் குருடாகிவிடும். அந்த கார்டே சட்டவிரோதம். இடித்து நசுங்கிய பம்பரை வெளியில் பட்டி பார்த்து, தடிமனாகப் பெயின்ட் அடித்தாலும் ரேடார் கோணம் தப்பும்.

கல் தெறித்து விண்ட்ஷீல்டை மாற்றினால், கேமராவை மறுபடி அளவு சரிபார்க்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட தூரத்தில் கட்டம் போட்ட பலகையை நிறுத்திச் செய்வது ஒரு முறை, கருவியை மாட்டிக் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது இன்னொன்று. எது உங்கள் காருக்கு என்று சர்வீஸ் சென்டர் சொல்லும். கேமரா ஒரு டிகிரி விலகியிருந்தால் 50 மீட்டரில் 87 செ.மீ. தள்ளிப் பார்க்கும்; பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு பிரேக் போட்டுவிட்டு, கோட்டில் வருபவரை விட்டுவிட அது போதும். பில்லில் அந்த வேலை தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.